இனிக்கும் கேரட்டை விலக்கிவிட்டு, இனிக்காத கிழங்கைத் தாராளமாகச் சாப்பிடலாமா?

கேள்வி – எழுதியவர்: புதுநடை

அனைவருக்கும் வணக்கம். எட்டு மாதங்களுக்கு முன்பு எனக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்தது. அப்போது ஹெச்பிஏ1சி (கடந்த மூன்று மாதங்களின் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 7.8 ஆக இருந்தது. மெட்ஃபார்மின் மாத்திரையும் அன்றாட நடையும் சேர்ந்து அதை 7.0 அளவுக்குக் கொண்டுவந்திருக்கின்றன. இன்சுலினோ வேறு மாத்திரையோ எடுத்துக்கொள்வதில்லை.

நோய் தெரிந்த நாளிலிருந்து என் காதில் விழுந்த அறிவுரைகளில் பாதிக்கு மேல் மண்ணுக்கு அடியில் விளையும் காய்களைப் பற்றியவை. கேரட்டும் பீட்ரூட்டும் இனிக்கின்றன, இனித்தால் சர்க்கரை இருக்கிறது என்றுதான் பொருள், ஆகவே அவற்றைத் தொடவே கூடாது என்றார்கள். நானும் அவற்றை அடியோடு நிறுத்திவிட்டு, இனிப்பே தெரியாத உருளைக்கிழங்கையும் மரவள்ளிக்கிழங்கையும் அவற்றின் இடத்தில் வைத்துக்கொண்டேன். அதன் பிறகு, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் அளவு குறையவில்லை. 190, 200 என்று ஏறத் தொடங்கியது.

இதற்கிடையே நண்பர் ஒருவர், காய்களில் இருப்பது இயற்கைச் சர்க்கரைதான், அது ரத்தத்தில் எதையும் ஏற்றாது என்று சொல்லி, கேரட்டும் பீட்ரூட்டும் கலந்த சாற்றை வெறும் வயிற்றில் குடிக்கச் சொன்னார். வடிகட்டிய சாறு ஒரு பெரிய டம்ளர் குடித்தேன். முக்கால் மணி நேரம் கழித்து, வீட்டாருக்கு ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்த கையோடு குளுக்கோமீட்டரில் பார்த்தால் 241 என்று காட்டியது. இன்னொரு குழப்பமும் உண்டு. சர்க்கரைவள்ளிக்கிழங்கை வேகவைத்துச் சாப்பிட்ட அன்று 158 வந்தது. ஏறத்தாழ அதே எடைக் கிழங்கை அடுப்பில் சுட்டுச் சாப்பிட்ட அன்று 203 வந்தது.

காயில் இயல்பாக உள்ள சர்க்கரைக்கும் கடையில் வாங்கும் சர்க்கரைக்கும் ரத்தத்தில் உண்மையிலேயே வேறுபாடு உண்டா? இனிப்புச் சுவையை வைத்து ஒரு கிழங்கைச் சேர்ப்பதும் விலக்குவதும் சரியா? ஒரே கிழங்கு சமைக்கும் முறைக்கு ஏற்ப இப்படி மாறுமா?

பதில் – எழுதியவர்: பாடவேளை

வணக்கம் ஐயா. உணவியல் கற்பிப்பவன் என்ற முறையில் உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதில் தெளிவு வந்தால் மற்றவை எளிதாகிவிடும்.

நாக்கு உணர்வது சுக்ரோஸ், ஃப்ரக்டோஸ் போன்ற சிறிய சர்க்கரைகளை. குளுக்கோமீட்டர் அளப்பது ரத்தத்தில் உள்ள குளுக்கோஸை. இந்த இரண்டுக்கும் நடுவில் மாவுச்சத்து என்ற ஒன்று இருக்கிறது. நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் குளுக்கோஸ் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்ட பொருள்தான் மாவுச்சத்து. சங்கிலியாக இருக்கும்வரை அது நாக்குக்கு இனிப்பதில்லை. ஆனால் வாயிலும் கணையத்திலும் சுரக்கும் அமைலேஸ் நொதி அதை அறுக்கத் தொடங்கியதும், முடிவில் கிடைப்பது முழுக்க முழுக்கக் குளுக்கோஸ் மட்டுமே.

இப்போது எண்களைப் பாருங்கள். 100 கிராம் பச்சைக் கேரட்டில் மொத்தக் கார்போஹைட்ரேட் 10 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அதில் ஏறத்தாழ 3 கிராம் நார்ச்சத்து, 5 கிராமுக்கு அருகில் சர்க்கரை. பீட்ரூட்டிலும் மொத்தம் அதே அளவுதான், சர்க்கரை மட்டும் 7 கிராம் வரை வரும். உருளைக்கிழங்கில் சர்க்கரை 1 கிராம்கூட இல்லை, ஆனால் மொத்தக் கார்போஹைட்ரேட் 17 கிராம். மரவள்ளிக்கிழங்கில் சர்க்கரை 2 கிராமுக்கும் குறைவு. மொத்தக் கார்போஹைட்ரேட்டோ 38 கிராம். நீங்கள் 5 கிராம் சர்க்கரைக்கு அஞ்சிக் கேரட்டை நிறுத்திவிட்டு, அதன் இடத்தில் கேரட்டில் உள்ளதைப்போல் நான்கு மடங்கு வரை கார்போஹைட்ரேட்டைக் கொண்டுவந்து வைத்திருக்கிறீர்கள். 200 வராமல் இருந்திருந்தால்தான் வியப்பு.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. கேரட்டிலும் பீட்ரூட்டிலும் பெரும்பகுதியாக இருப்பது சுக்ரோஸ், அதாவது கடையில் வாங்கும் வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே பொருள். அதில் பாதி குளுக்கோஸ், மறுபாதி ஃப்ரக்டோஸ். ஃப்ரக்டோஸ் பெரும்பாலும் கல்லீரலில் கையாளப்படுவதால் ரத்தக் குளுக்கோஸை உடனடியாக அதிகம் உயர்த்துவதில்லை. அதனால்தான் தூய குளுக்கோஸின் கிளைசெமிக் குறியீட்டை (ஓர் உணவு ரத்தக் குளுக்கோஸை எவ்வளவு உயர்த்துகிறது என்பதைக் காட்டும் எண்) 100 என்று வைத்தால், சுக்ரோஸுக்கு 65 அளவிலும் ஃப்ரக்டோஸுக்கு 20-க்குக் கீழும் மதிப்பு வருகிறது. நன்கு வெந்த உருளைக்கிழங்கின் சராசரி மதிப்போ 78. ஒரு கிராம் மாவுச்சத்து ஒரு கிராம் வெள்ளைச் சர்க்கரையைவிட மீட்டரை அதிகம் உயர்த்தக்கூடும் என்பதை என் மாணவர்கள் முதல் நாளில் நம்புவதே இல்லை.

கேரட்டுக்குக் கெட்ட பெயர் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். கிளைசெமிக் குறியீடு என்ற கருத்தை டொரண்டோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் 1981-இல் வெளியிட்டபோது, 62 உணவுகளை 5 முதல் 10 பேர் கொண்ட சிறு குழுக்களில் சோதித்திருந்தார்கள். அந்தப் பட்டியலில் கேரட்டுக்கு 92 என்று வந்தது. பிற்காலத்தில் மீண்டும் அளந்தபோது அது 40 அளவுக்கு இறங்கிவிட்டது. ஆனால் முதல் எண் உணவுமுறைப் புத்தகங்களுக்குள் புகுந்து, இன்றுவரை வெளியேறாமல் இருக்கிறது.

அந்த 92 உண்மையாகவே இருந்திருந்தாலும் அதை அப்படியே தட்டுக்குக் கொண்டுவர முடியாது. குறியீட்டைக் கணக்கிட, செரிக்கக்கூடிய கார்போஹைட்ரேட் 50 கிராம் இருக்கும் அளவு உணவைக் கொடுக்க வேண்டும் என்பது வழக்கமான முறை. கேரட்டில் அந்த 50 கிராமைப் பெற ஏறத்தாழ 700 கிராம் கேரட் தேவை. ஒரே அமர்வில் யார் அவ்வளவு தின்பார்கள்? இந்தக் குறையைச் சரிசெய்யத்தான் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 1997-இல் கிளைசெமிக் சுமை என்ற கணக்கைக் கொண்டுவந்தார்கள். குறியீட்டை, உண்மையில் சாப்பிடும் கார்போஹைட்ரேட் கிராமால் பெருக்கி 100-ஆல் வகுத்தால் சுமை கிடைக்கும். 10 வரை குறைவு, 20-உம் அதற்கு மேலும் அதிகம். 100 கிராம் கேரட்டுக்குச் சுமை 3-ஐ எட்டுவதில்லை, பீட்ரூட்டுக்கு 4 அல்லது 5, வேகவைத்த உருளைக்கிழங்கு 150 கிராம் என்றால் 20-ஐத் தாண்டிவிடும்.

உங்கள் நண்பரின் வாதத்துக்கும் ஒரு பதில். 1747-இல் பெர்லினில் ஆண்ட்ரியாஸ் மார்க்கிராஃப் என்ற வேதியியலாளர் பீட் கிழங்கிலிருந்து படிகமாகப் பிரித்தெடுத்த சர்க்கரை, கரும்பிலிருந்து வந்ததற்கு எந்த வகையிலும் வேறானதாக இல்லை. இன்றும் உலகின் சர்க்கரையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சர்க்கரை பீட்டிலிருந்துதான் வருகிறது. (நாம் சமைக்கும் சிவப்பு பீட்ரூட் அதன் உறவினர்தான், சர்க்கரை பீட்டில் எடையில் 16 விழுக்காட்டுக்கு மேல் சர்க்கரை இருக்கும், சமையல் பீட்ரூட்டில் அதில் பாதியும் இராது.) காய்க்குள் இருப்பதாலேயே சுக்ரோஸ் வேறு பொருளாகிவிடாது. அது எவ்வளவு இருக்கிறது, எதற்குள் அடைபட்டிருக்கிறது என்பவைதான் வேறுபாட்டை உண்டாக்குகின்றன. முழுக் காயில் அது செல்சுவருக்குள், நார்ச்சத்தோடும் நீரோடும் இருக்கிறது. மெல்ல வேண்டும், வயிறு நிறைகிறது, உறிஞ்சப்படுவதும் தாமதமாகிறது. அரைத்து வடிகட்டிய சாற்றில் அந்தச் சுவரும் இல்லை, மெல்லும் வேலையும் இல்லை, நாலைந்து காய்களின் சர்க்கரை இரண்டு நிமிடத்தில் உள்ளே போய்விடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், கட்டுப்படுத்த வேண்டிய சர்க்கரைகளின் கணக்கில் தேனையும் பழச்சாற்றையும் சேர்த்துவிட்டு, முழுப் பழத்திலும் முழுக் காயிலும் உள்ள சர்க்கரையைச் சேர்க்காமல் விட்டதற்குப் பின்னால் இந்த வேறுபாடும் இருக்கிறது.

பதில் – எழுதியவர்: ஊசிமுனை

பாடவேளை அவர்கள் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். பன்னிரண்டு ஆண்டுகளாக இன்சுலின் போட்டுக்கொள்பவள் என்பதால் ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் மாறுபட வேண்டியிருக்கிறது.

கிளைசெமிக் சுமைப் பட்டியலில் வரும் அளவு பெரும்பாலும் 80 கிராம், 100 கிராம் என்று சிறியதாகவே இருக்கும். பீட்ரூட் நல்லது என்று ஒரு முறை மனத்தில் பதிந்துவிட்டால் நம்மில் பலர் 300 கிராம் சாப்பிடுகிறோம், கூடவே வழக்கமான தானிய உணவையும் குறைப்பதில்லை. அப்போது கணக்கு மாறிவிடுகிறது. சுமை சிறியது என்பதற்குப் பூஜ்யம் என்று பொருள் இல்லை. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் பரிந்துரைக்கும் தட்டு முறை எனக்கு எண்களைவிட எளிதாகக் கைகொடுத்தது: தட்டில் பாதி மாவுச்சத்துக் குறைந்த காய்கள், கால் பங்கு புரதம், கால் பங்கு தானியமோ கிழங்கோ. அந்தப் பாதிக்குள் கேரட், பீட்ரூட், முள்ளங்கி மூன்றும் வருகின்றன. உருளையும் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் கால் பங்குக்குள்தான் இடம்பெறும், அதுவும் தானியத்தை விட்டுக்கொடுத்தால்.

சுவையை நம்பி நான் பட்ட ஒரு சங்கடத்தையும் எழுதிவிடுகிறேன், ஏனெனில் இது எதிர்த்திசையில் நடக்கும் தவறு. ஒரு நாள் மாலையில் சர்க்கரை 58-க்கு இறங்கி, கை நடுங்கத் தொடங்கியது. எதிரில் வெந்த பீட்ரூட் இருந்தது. இனிக்கிறதே, ஏற்றிவிடும் என்று நினைத்து ஒரு கிண்ணம் தின்றுவிட்டுக் காத்திருந்தேன். கால் மணி நேரம் கழித்தும் 61. பிறகு குளுக்கோஸ் கரைத்துக் குடித்துத்தான் மீண்டேன். தாழ்சர்க்கரைக்கு 15 கிராம் விரைவுச் சர்க்கரை எடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும் என்பது விதி. அந்த 15 கிராமுக்கு 200 கிராமுக்கு மேல் பீட்ரூட் வேண்டும், அதுவும் நார்ச்சத்தோடு மெதுவாகத்தான் கரையும். இன்சுலினோ, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. மெட்ஃபார்மின் மட்டும் எடுக்கும் உங்களுக்கு இந்த அச்சம் குறைவு.

சிறுநீரகக் கல் வந்தவர்கள் பீட்ரூட்டில் ஆக்ஸலேட் அதிகம் என்பதையும், சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்கள் கிழங்குகளில் பொட்டாசியம் அதிகம் என்பதையும் மருத்துவரிடம் பேசிக்கொள்வது நல்லது.

பதில் – எழுதியவர்: கொதிநிலை

மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லை என்பதால் நான் எடுத்துக்கொள்கிறேன். உணவு வேதியியல்தான் என் பிழைப்பு. சர்க்கரைவள்ளிக்கிழங்கு அதில் எனக்குப் பிடித்த பொருள்.

பச்சைச் சர்க்கரைவள்ளியில் 100 கிராமுக்கு 20 கிராம் கார்போஹைட்ரேட் இருக்கிறது, சர்க்கரை 4 கிராம்தான். ஆனால் அந்தக் கிழங்கு தனக்குள்ளேயே பீட்டா அமைலேஸ் என்ற நொதியை ஏராளமாக வைத்திருக்கிறது. கிழங்கின் உள்வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது மாவுச்சத்துத் துகள்கள் நீரை உறிஞ்சி வீங்கி இளகுகின்றன. நொதி அந்த இளகிய சங்கிலியின் நுனியிலிருந்து இரண்டிரண்டு குளுக்கோஸாக வெட்டி மால்ட்டோஸ் ஆக்குகிறது. வெப்பம் 80 டிகிரியைக் கடந்து மேலே போகும்போது நொதி செயலிழந்துவிடும். ஆகவே 60-க்கும் 80-க்கும் இடையில் கிழங்கு எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதைப் பொறுத்தே அதன் இனிப்பு அமைகிறது. மெல்லிய நெருப்பில் நெடுநேரம் சுட்ட கிழங்கில் தேன்போல் ஒன்று கசிவதைப் பார்த்திருப்பீர்கள். கொதிக்கும் நீரில் சிறு துண்டுகளாகப் போட்டு விரைவில் எடுத்த கிழங்கு அவ்வளவு இனிக்காது.

மால்ட்டோஸ் ஆகாமல் மாவுச்சத்தாகவே இருந்திருந்தாலும் அது குடலில் குளுக்கோஸாகத்தானே மாறியிருக்கும், பிறகு ஏன் 158-க்கும் 203-க்கும் இவ்வளவு இடைவெளி என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. மொத்தக் குளுக்கோஸில் மாற்றமில்லை, வேகம்தான் மாறுகிறது. மால்ட்டோஸை ஒரே வெட்டில் குளுக்கோஸாக்கிவிடலாம் என்பதால் அதன் கிளைசெமிக் குறியீடு தூய குளுக்கோஸுக்கு இணையானது. அதோடு, சுடும்போது நீர் ஆவியாகிவிடுவதால், சுட்ட பிறகு நிறுத்தால் அதே எடையில் கார்போஹைட்ரேட் கூடுதலாக இருக்கும். நீங்கள் எடையைச் சமைப்பதற்கு முன் பார்த்தீர்களா, பின் பார்த்தீர்களா என்று எழுதவில்லை. அளந்து பார்த்த ஆய்வுகளில் வேகவைத்த சர்க்கரைவள்ளிக்குக் குறியீடு வகைக்கு ஏற்ப 40 முதல் 60-களின் தொடக்கம் வரை வந்திருக்கிறது. சுட்டதற்கு 80-ஐத் தாண்டிய மதிப்புகளும் உண்டு.

உருளைக்கிழங்கில் கதை வேறு. அதை வேகவைத்துக் குளிரவைத்தால், இளகிய மாவுச்சத்தின் ஒரு பகுதி மீண்டும் இறுகி, செரிமான நொதிகளுக்கு எளிதில் மசியாத வடிவத்துக்குப் போகிறது. அதை எதிர்ப்பு மாவுச்சத்து என்கிறோம். மீண்டும் மிதமாகச் சூடாக்கினாலும் அதில் ஓரளவு எஞ்சும். ஆனால் இது சில கிராம் விவகாரம். குளிர்ந்த உருளைக்கிழங்கை எவ்வளவும் தின்னலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மசித்தால் குறியீடு ஏறும், முழுதாக வைத்தால் சற்றுக் குறையும். சமைக்காத உருளைக்கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கும் வழக்கத்தை மட்டும் கைவிட்டுவிடுங்கள். குளிரில் அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் மாறுகிறது. அத்தகைய கிழங்கைப் பொரித்தால் கருத்துப்போவதோடு, 2002-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் உணவில் கண்டறிந்த அக்ரிலமைடு என்ற பொருளும் அதிகமாக உண்டாகும்.

கேரட்டையும் பீட்ரூட்டையும் சமைத்தால் செல்சுவர் தளர்ந்து சர்க்கரை சற்று விரைவாக வெளிவரும் என்பது உண்மை. மொத்த அளவே சிறியது என்பதால் அதற்காகப் பச்சையாகத்தான் தின்ன வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை.

பதில் – எழுதியவர்: சொட்டுரத்தம்

சோதனைக்கூடத்தில் பணிபுரிகிறேன். உங்கள் 241-ஐ நான் அப்படியே ஏற்க மாட்டேன்.

ஆரஞ்சு உரித்த கையோடு பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஆரஞ்சில் குளுக்கோஸ் உண்டு. விரல் நுனியில் காய்ந்த மெல்லிய படலம் போதும், மீட்டருக்குத் தேவையான ஒரு சிறு துளி ரத்தத்தில் கலந்து அளவைப் பெரிதாக உயர்த்திவிடும். ஆல்கஹால் பஞ்சால் துடைத்தால் மட்டும் அது முழுமையாகப் போவதில்லை. சோப்பும் நீரும் கொண்டு கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்திய பிறகே குத்த வேண்டும். வேடிக்கை என்னவென்றால், கையில் பளிச்சென்று தெரியும் பீட்ரூட் கறை மீட்டரை அவ்வளவாக ஏமாற்றாது. அதில் பெரும்பகுதி சுக்ரோஸ், மீட்டரின் நொதி தேடுவதோ குளுக்கோஸை.

மீட்டரின் பிழை வரம்பையும் மனத்தில் வையுங்கள். 2013-ஆம் ஆண்டின் ஐஎஸ்ஓ 15197 தரநிலைப்படி, 100-க்கு மேற்பட்ட அளவுகளில் 15 விழுக்காடு வரை ஏறியோ இறங்கியோ காட்டலாம். உண்மை அளவு 160 என்றால் மீட்டர் 136-உம் காட்டலாம், 184-உம் காட்டலாம். ஆகவே ஒரு நாள் 158, மறுநாள் 170 என்று வந்தால் அதில் எந்தக் கிழங்கின் குற்றமும் இல்லை. 158-க்கும் 203-க்கும் இடையில் உள்ள வேறுபாட்டை மட்டும் கவனிக்கத் தக்கதாக எடுத்துக்கொள்வேன், அதையும் இன்னும் இரண்டு முறை சோதித்த பிறகு. சாப்பிடுவதற்கு முன் ஒன்று, முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று என இரண்டையும் எழுதி வையுங்கள்; முந்தைய அளவு தெரியாமல் பிந்தைய அளவுக்குப் பொருள் இல்லை.

மறுமொழி – எழுதியவர்: புதுநடை

அனைவருக்கும் நன்றி. மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். கையைச் சோப்பால் கழுவிவிட்டு அதே அளவுச் சாற்றைக் குடித்துப் பார்த்தேன்: முன்பு 116, முக்கால் மணி நேரத்தில் 183. அதாவது 241-இல் ஒரு பகுதி ஆரஞ்சினுடையது, ஆனால் சாறும் குற்றமற்றது இல்லை. அதே எண்ணிக்கைக் காய்களை வேகவைத்து முட்டையுடன் சாப்பிட்ட அன்று முன்பு 112, முக்கால் மணியில் 149, இரண்டு மணியில் 131. சாற்றை நிறுத்திவிட்டேன். மரவள்ளிக்கிழங்கை வாரத்தில் ஒரு நாள், தானியத்துக்குப் பதிலாக மட்டும் என்று வைத்திருக்கிறேன். கொதிநிலை அவர்கள் கேட்ட எடையைச் சமைத்த பிறகுதான் பார்த்திருந்தேன். சமைக்கும் முன் நிறுத்துச் சுட்டபோது 203 வந்த இடத்தில் 181, 176 என்று வந்தது.

ஒரு சிறு ஐயம் மட்டும் மீதமிருக்கிறது. முள்ளங்கி, டர்னிப், பார்ஸ்னிப் ஆகியவற்றை எந்தப் பக்கம் சேர்ப்பது?

பதில் – எழுதியவர்: பாடவேளை

முள்ளங்கியில் 100 கிராமுக்கு 3.4 கிராம்தான் கார்போஹைட்ரேட், அதிலும் பாதிக்குச் சற்றுக் குறைவு நார்ச்சத்து. அதைக் கணக்கில் எழுத வேண்டிய தேவையே இல்லை. டர்னிப்பில் 6 கிராம் அளவு, அதுவும் கேரட்டின் பக்கம்தான். பார்ஸ்னிப் பார்வைக்கு வெள்ளைக் கேரட்போல் இருந்தாலும் 18 கிராம் இருக்கிறது. அதை உருளைக்கிழங்கோடு சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.